இரைச்சலின் திரை

என் அப்பாவுக்கு நான்கு வருஷங்களாகக் காதில் இரைச்சல். வெளியில் ஒன்றுமில்லை, காதுக்குள்தான். முதலில் சில்வண்டு என்றார். பிறகு குக்கரில் ஆவி போகிற மாதிரி என்றார். இப்போது உவமை எதுவும் சொல்வதில்லை. கடலூரில் காட்டிய வைத்தியர், வயதானால் உள்காது தேய்ந்து உச்சமான ஒலிகள் முதலில் போகும், போன இடத்தில் மூளை தானாகவே ஒரு சத்தத்தைப் போட்டுக்கொள்ளும், மருந்தில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார். நியாயமான பேச்சு. அப்பா பழகிக்கொண்டார். ஆர்மோனியப் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டதுதான் பழகிக்கொண்டதன் அடையாளம்.

அவர் வித்வான் அல்ல. வடலூரில் தையற்கடை வைத்திருந்தவர். மாதப் பூசத்தன்று நாலைந்து பேர் கூடி அருட்பா பாடும்போது பெட்டி வாசிப்பார். பாடுகிறவர்களுக்குச் சுருதி நழுவினால் ஒரு கட்டையை லேசாக அழுத்திக் காட்டுவார். அவ்வளவுதான் அவருடைய சங்கீதம். சுருதி நழுவுவது இப்போது அவருக்கே தெரிவதில்லை என்றானபோது, யாரும் சொல்வதற்கு முன்பே நிறுத்திக்கொண்டார்.

இதே நான்கு வருஷங்களாக நான், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காசு கொடுத்து இரைச்சலைக் கேட்டு வருகிறேன். இவ்விரண்டு காரியங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று வெகுநாள்வரை எனக்குத் தோன்றவேயில்லை.

*

நான் கேட்பது ப்ளாக் மெட்டல் என்ற இசையின் ஒரு கிளை. அதில் பியானோவும், ஆம்பியன்ட் எனப்படும் சூழலிசையும் கலந்திருக்கும். கேட்டிராத நண்பர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? கிதாரில் ஒரே தந்தியை மிகத் துரிதமாக, நிறுத்தாமல் மீட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு கட்டத்தில் காது அடிகளை எண்ணுவதை விட்டுவிடுகிறது. தனித்தனித் துளிகள் மறைந்து மழையாகிவிடுகிறது. மேளமும் அப்படித்தான். சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் நின்றுபோன வட்டமாகத் தெரிவதுபோல, வேகம் முற்றி ஓர் அசைவின்மையாக மாறிவிடுகிறது. மேலே ஒரு மனிதன் கத்துகிறான். சொல் எதுவும் விளங்காது. பதிவும் வேண்டுமென்றே மோசமானது. மலிவான கருவிகளில், அடி ஒலி வற்றி, மூடிய கதவுக்கு அப்பால் நடப்பதுபோல் இருக்கும்.

இதற்கு அடியில், இதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல, ஒரு பியானோ. நான்கைந்து ஸ்வரங்கள். சோகமானவை, எளிமையானவை, திரும்பத் திரும்ப வருபவை. பியானோ இல்லாத இடங்களில் காற்று, மழை, நீண்ட ஒற்றை ஸ்வரம்.

நம்மில் பலருக்குப் பியானோ என்றால் கறுப்பு வெள்ளைப் படத்துப் பணக்காரர் வீட்டு மாடிப்படியின் கீழ் இருக்கும் மரச்சாமான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் இருந்தது அதன் ஏழைச் சொந்தமான ஆர்மோனியம். இரண்டும் கட்டைகளை அழுத்தி வாசிப்பவை என்பதோடு உறவு சரி. ஆர்மோனியத்தில் காற்று இருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். பியானோவில் சுத்தி தந்தியில் பட்ட கணத்திலேயே ஸ்வரம் சாகத் தொடங்கிவிடுகிறது; அடுத்த ஸ்வரம் வருவது அதன் சாவின்மீதுதான். பியானோவின் சோகம் வாசிக்கிறவரின் மனநிலையில் மட்டும் இல்லை, கருவியின் உடம்பிலேயே இருக்கிறது. அந்தச் சாவை நிசப்தத்தில் கேட்பது ஒரு அனுபவம். ஓயாத ஓர் இரைச்சலுக்குள் கேட்பது வேறு அனுபவம். முன்னதில் ஸ்வரம் மௌனத்துக்குத் திரும்புகிறது. பின்னதில் அதற்குத் திரும்ப இடமில்லை, முழுகிப்போகிறது.

பிரையன் ஈனோ 1975இல் ஒரு விபத்துக்குப் பிறகு படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த சிநேகிதி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒலி மிகக் குறைவு. எழுந்து கூட்ட உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்குள் அங்கங்கே தலைகாட்டிய ஹார்ப்பைக் கேட்டுக் கிடந்த அந்த நேரத்திலிருந்துதான் அவருடைய சூழலிசை பிறந்தது. 1978இல் விமான நிலையங்களுக்கென்று அவர் வெளியிட்ட தொகுப்பின் முதற்பகுதியில் ராபர்ட் வயட்டின் பியானோ வருகிறது. ஈனோவிடம் மழை சாந்தமானது. பின்னால் வந்த நார்வேக்காரர்கள் அந்த மழையைப் புயலாக்கினார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் அவர்கள் வேறு சிலதும் செய்தார்கள்.

*

அதைச் சொல்லாமல் இந்த இசையைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை.

ப்ளாக் மெட்டல் என்ற பெயர் வெனம் என்ற ஆங்கிலக் குழுவின் 1982ஆம் வருஷத் தட்டிலிருந்து வந்தது. அதற்கு இன்றைய உருவம் கொடுத்தவர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்து நார்வே இளைஞர்கள். 1992 ஜூன் 6 அன்று பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும். 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிதார்காரரான யூரோனிமஸை, பர்சும் என்ற ஒற்றையாள் குழுவின் வர்க் விகர்னெஸ் குத்திக் கொன்றார். கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்குமாக 1994இல் 21 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. 2009இல் வெளியே வந்தார். இன வெறுப்பைப் பகிரங்கமாகப் பேசுகிறவர். சங்கடம் என்னவென்றால், நான் கேட்கும் கிளைக்கு வேர்களில் ஒன்று அவர் 1993 மார்ச்சில் பதிவு செய்து 1996இல் வெளிவந்த ஃபிலோசோஃபெம். கிதாரை வீட்டு ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் வழியாகவும், குரலை ஒரு மட்டரக மைக் வழியாகவும் செலுத்திச் செய்த பதிவு. அதில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷத்துக்குத் தனி சின்தசைசர் மட்டும் ஒலிக்கிறது.

வடலூரில் உட்கார்ந்து இதைக் கேட்பதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. 1867இல் ராமலிங்க அடிகள் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது இந்த ஊரின் முதல் செய்தி. வருகிறவர் யார் என்று கேட்காமல் சோறு போடுகிற நெருப்பு. கோயிலைக் கொளுத்திய நெருப்பின் இசையை, அந்த அடுப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒருவன் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறான். படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வாக்கியத்தை நம் வட்டத்தில் பல காரியங்களுக்குக் கூசாமல் உபயோகித்திருக்கிறோம். நான் பர்சுமுக்குக் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த வடிவத்தை எடுத்து வேறு காரியத்துக்குத் திருப்பியவர்களைக் கேட்கிறேன். அமெரிக்காவில் அகலாக் 2002இல் செய்த தி மேன்டில், பிரான்சில் ஆல்செஸ்ட் 2007இல் செய்த முதல் தொகுப்பு போன்றவற்றில் வெறுப்பு இல்லை, துக்கமும் நிலக்காட்சியும்தான். இருந்தும் கடன் கடன்தான். வங்கியில் இருப்பவனுக்கு இது தெரியும். கணக்கை வேறு பெயருக்கு மாற்றினாலும் முதல் எண்ட்ரி பேரேட்டில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

*

நம் நண்பர் ஒருவருக்கு இதில் ஐந்து நிமிஷம் போட்டுக் காட்டினேன். கவிஞர், ஒரு சொல் அதிகமாக இருந்தால் முகம் சுளிப்பவர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இதில் சொல்ல என்ன இருக்கிறது? வெறும் பேய்க்கூச்சல்’ என்றார். 1959இல் எழுத்து தொடங்கி அதில் புதுக்கவிதைகள் வந்தபோது, புரியவில்லை, இது கவிதையே இல்லை என்று சொன்னவர்களைப் பற்றி இதே நண்பர் எவ்வளவு பேசியிருக்கிறார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. புரியாதது எல்லாம் புதியது ஆகிவிடாது என்று அவர் திருப்பிச் சொல்வார், அதுவும் சரிதான்.

ஆனால் இரைச்சல் நம் சங்கீதத்துக்கு அந்நியம் என்று அவர் கருதினால் அது தவறு. தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைக்கிறோம். அது இல்லாவிட்டால் தந்தி சுத்தமாக, மொட்டையாக ஒலிக்கும். நூல் பட்டதும் ரீங்காரம் எழுகிறது. அந்த நூலுக்கு ஜீவாளி என்று பெயர். தந்தியின் சுத்தத்தைக் கெடுக்கிற பொருளுக்கு ஜீவனின் பெயரை வைத்திருக்கிறோம். மறுபக்கம், கமகம் பேசாது என்று சொல்லி ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971வரை ஒதுக்கி வைத்ததும் நம் தேசத்தில்தான். எது சங்கீதம், எது சத்தம் என்பது காது மட்டும் தீர்மானிக்கிற விஷயம் அல்ல.

சாவு வீட்டையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் துக்கம் மௌனமாக நடப்பதில்லை. சங்கு, சேகண்டி, பறை, ஒப்பாரி. காது கிழிகிற சத்தத்தில்தான் பிணம் தெருவைக் கடக்கிறது. அப்படியானால் இந்தக் கத்தல் நமக்குப் புதிதா என்று ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒப்பாரிக்காரி யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறாள். வளையத்தில் உட்கார்ந்து, ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுக்கிறாள். அது தெருவுக்குச் சொந்தமான குரல். நான் கேட்கும் பதிவுகளில் பெரும்பாலானவை ஒரே ஆள், ஓர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கிதார், மேளம், பியானோ, குரல் எல்லாவற்றையும் தானே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தவை. ஒப்புமை உடைகிற இடம் அதுதான்.

தமிழர்கள் இந்த இசைக்குள் வராமல் இல்லை. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா, வேதாந்தத்தைப் பாடுபொருளாக்கி 2005இலிருந்து பிரம்மவித்யா என்ற தலைப்பில் மூன்று தொகுப்புகள் செய்திருக்கிறது. சென்னையில் டயபோலஸ் ஆர்கேனியம் சிம்பனிச் சாயலில் வாசித்தது. அவர்களிடம் உக்கிரம் இருக்கிறது, கூட்டமும் மேடையும் இருக்கின்றன. நான் தேடுவது அது அல்ல. அடியில் வாசித்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவனைத்தான்.

*

எனக்குக் கிடைத்த பெரிய உவமை ஊரிலேயே இருந்தது.

சத்திய ஞானசபை 1872 தைப்பூசத்தன்று திறக்கப்பட்டது. தைப்பூசந்தோறும் ஜோதி தரிசனம். விளக்குக்கு முன் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்த நிறம். ஒவ்வொன்றாக விலக்குவார்கள். விடிகாலைப் பனியில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். கறுப்பு முதலில் போகும். அதற்குப் பின்னால் விளக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தால் நீலம் இருக்கும். கடைசித் திரை விலகியதும் ஒரு சுடர், சில கணங்கள். கூட்டம் ஒரே குரலாகிவிடும். நான் சுடரைப் பார்த்தேனா என்று அப்பா கீழேயிருந்து கேட்பார். பார்த்தேன் என்பேன். உண்மையில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது திரைகள்தான்.

ஒளிதான் முக்கியம் என்றால் திரை எதற்கு? அஞ்ஞானத்தின் குறியீடு, விலக்கப்பட வேண்டியது என்று சொல்வார்கள். ஆனால் விலக்கிய திரைகளை மறுபடியும் மூடிவிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இசையின் கிதார் இரைச்சல் அந்த முதல் கறுப்புத் திரை. பியானோ உள்ளே இருக்கும் விளக்கு. திரை இருப்பதால்தான் பார்வைக்கு ஏக்கம் பிறக்கிறது. இப்படி எழுதி, எழுதியதைப் படித்து, ரொம்பத் திருப்திப்பட்டேன். திருப்திதான் சந்தேகத்தைக் கிளப்பியது. நல்ல உவமை ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். நம் விமர்சனத்தில் பாதி இப்படிப் பார்ப்பதை நிறுத்திய இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

*

போன மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற வாரம். வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகிவிட்டது. பகல் முழுக்க நோட்டு எண்ணும் இயந்திரமும், பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரமும், டோக்கன் கூப்பிடும் குரலும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“தெனமும் அப்படி என்னாதான்டா கேக்கற?” என்றார்.

விளக்கத் தெரியாமல் ஹெட்போனைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்தது ஒன்பது நிமிஷப் பதிவு ஒன்று. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் தனியாகச் செய்தது. சத்தத்தைக் குறைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடிக்கவில்லை என்று எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து அவருடைய வலதுகை விரல்கள் தொடைமேல் மெல்ல அசைந்தன. கட்டை தேடுகிற விரல்கள்.

முடிந்ததும் கழற்றிக் கையில் கொடுத்தார்.

“இதுக்கா காசு குடுக்கற? எனக்குச் சும்மாவே கேக்குதே.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, “அடியில பெட்டி வாசிக்கிறது யாரு? நல்லா நிதானமா வாசிக்கிறான்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பியானோவைப் பிரித்துக் கேட்க எனக்கு வாரக்கணக்கில் ஆனது. பிறகுதான் விளங்கியது. கிதாரின் சீறல் முழுக்க உச்சத்தில் இருக்கிறது. அந்த உயரம் அப்பாவின் காதிலிருந்து எப்போதோ போய்விட்டது. பியானோ தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கிறது. அது அவருக்குப் பத்திரமாக வந்து சேர்கிறது. நான் திரை, திரை என்று பக்கம் பக்கமாக எழுதியது அவருக்குக் கிட்டத்தட்ட இல்லவேயில்லை. அவருடைய திரை வேறு. அது அவருக்குள்ளேயே தொங்குகிறது. எந்தப் பூசத்திலும் விலகாது. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் என் குரலையும் அம்மாவின் குரலையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வாசிப்பவர் பெயர் தெரியாது என்றேன். கிதாரும் மேளமும் கத்துவதும்கூட அதே ஆள்தான், ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே வாசித்துச் சேர்த்திருக்கிறார் என்று சொன்னேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“பாவம். கூட ஆளில்லையா?”

இதை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை. நான்கு வருஷங்களாக இந்த இசையின் வடிவம், வரலாறு, பாவம், கடன் எல்லாவற்றையும் பற்றி யோசித்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. ஒரு கூட்டத்துக்குச் சுருதி காட்டுவதையே சங்கீதமாகக் கொண்டிருந்தவருக்கு முதலில் தோன்றியது அதுதான். ஒப்பாரியோடு ஒப்பிட்டபோது நான் தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். இரைச்சல் ஓர் அழகியல் உத்தி என்று நான் வைத்திருந்தேன். அவருக்கு அது ஒரு நிலைமை. அதற்குள் ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான், வாசித்துக்கொண்டுமிருக்கிறான். கேட்கிறவன் செய்யக்கூடியது, வாசிக்கிறவன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்வது. அதற்கு மேல் விமர்சனத்துக்கும் பெரிய வேலை எதுவும் இல்லை என்றே இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அப்பா வாசலில் நின்றுகொண்டு, மறந்துபோன ஏதோ கணக்கைச் சொல்வதுபோல, “நேத்து அது முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம் காது சும்மா இருந்துச்சுடா” என்றார்.

உள்ளிரைச்சல் உள்ளவர்களுக்கு வெளியிலிருந்து ஓர் இரைச்சலைக் கேட்கச் செய்து நிறுத்தினால், சில கணங்கள் உள்ளிரைச்சல் தணிவதுண்டு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சிலருக்கு ஒரு நிமிஷம், சிலருக்கு அதுவும் இல்லை. வைத்திய ரீதியாக அதற்குப் பெயரும் இருக்கிறது. ஆனால் சும்மா என்ற சொல்லை அப்பா இரண்டு தடவை உபயோகித்தார். ராத்திரி, காசில்லாமல் என்ற அர்த்தத்தில். காலையில், நம் சித்தர்களும் தாயுமானவரும் எதற்காக ஆயுளைக் கொடுத்தார்களோ அந்த அர்த்தத்துக்குப் பக்கத்தில். அவர் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஹெட்போனைக் கேட்கவில்லை. நானும் மாட்டிவிடவில்லை, மருந்துபோல ஆக்கிவிடக் கூடாது என்று ஒரு பயம். பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.

இப்போது நான் பதிவு முடிந்ததும் உடனே அடுத்ததற்குப் போவதில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மேற்குக் காற்று வீசும் ராத்திரிகளில் நெய்வேலிப் பக்கமிருந்து ஒரு தாழ்ந்த உறுமல் வரும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வெட்ட முடியும். 1957இல் வெட்டத் தொடங்கிய சுரங்கம். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரின் சுருதி அது. அப்பாவிடம் அது கேட்கிறதா என்று கேட்டேன்.

காதைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அது நின்னு நாலு வருஷமாச்சே” என்றார்.